செல்போன் பார்த்தபடி ஓட்டி ஒரு உயிர் போனால்: தென்னாப்பிரிக்காவில் வழக்கு எப்படி நகரும்?

டர்பன் செல்வி
வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்தி சுற்றுகிறது. ஒன்று, "கையில் செல்போனோடு மோதி ஆள் இறந்தால் நேரே கொலை வழக்கு, 15 வருஷம்" என்கிறது. இன்னொன்று, "அதெல்லாம் சும்மா, அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்கிறது. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் பரப்புகிறார்கள் என்பது தனிக்கதை. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லுங்கள். எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டனை, எதை வைத்து நிரூபிப்பார்கள்?

தாழ்வாரம்
இரண்டுமே தப்பு, செல்வி அக்கா.

"செல்போனால் மரணம்" என்று தனியாக ஒரு குற்றம் நம் சட்டத்தில் கிடையாது. சம்பவம் ஒன்றுதான், ஆனால் அதில் மூன்று குற்றச்சாட்டுகள் எழலாம்.

கீழ்ப்படியில் இருப்பது தேசிய சாலைப் போக்குவரத்து ஒழுங்குவிதிகளின் 308ஏ. வண்டி ஓடும்போது செல்போனையோ வேறு தொடர்புக் கருவியையோ ஒரு கையிலோ இரு கையிலோ உடம்பின் வேறு எந்தப் பாகத்தாலோ பிடித்திருக்கக்கூடாது. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசுவதும் இதில் அடக்கம். வண்டியில் பொருத்தியிருந்தாலோ தலையில் மாட்டும் கருவியாக இருந்தாலோ கையில் பிடிக்காமல் பேசலாம். இதை மீறினால் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை. நடைமுறையில் அபராதத்தோடு முடியும். கேப் டவுன் மாநகராட்சி மட்டும் தன் துணைச்சட்டத்தின்கீழ் 2012 முதல் போனையே பறிமுதல் செய்கிறது. மரணம் நிகழ்ந்த வழக்கில் இந்த 308ஏ பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் (1996ஆம் ஆண்டின் 93ஆம் எண்) 63ஆம் பிரிவு. பொறுப்பற்று ஓட்டினால் 6 ஆண்டு வரை, கவனக்குறைவாக ஓட்டினால் 3 ஆண்டு வரை. சாவு நேர்ந்ததா இல்லையா என்பது இந்தப் பிரிவுக்குத் தேவையில்லை. ஓட்டிய விதம்தான் கேள்வி.

மேலே இருப்பது கல்பபிள் ஹோமிசைட். இது நாடாளுமன்றம் எழுதிய சட்டம் இல்லை, வழக்காற்றுச் சட்டத்தில் வரும் குற்றம். கவனக்குறைவால் சட்டவிரோதமாக ஒரு மனிதரின் உயிரைப் போக்குவது. இதற்கென்று எழுதிவைத்த உச்சத் தண்டனை கிடையாது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறதோ அதன் அதிகாரம்தான் வரம்பு. மாவட்ட நீதிமன்றம் என்றால் 3 ஆண்டு, பிராந்திய நீதிமன்றம் என்றால் 15 ஆண்டு. வாட்ஸ்அப்பில் வரும் அந்த "15" இங்கிருந்து கிளம்பியிருக்கலாம். கொலைக் குற்றத்துக்கு முதல் தடவைக் குற்றவாளிக்கான குறைந்தபட்சத் தண்டனையும் 15 என்பதால் இரண்டையும் கலக்கிவிட்டார்கள் போல.

அரசு வழக்கறிஞர்கள் பொதுவாக கல்பபிள் ஹோமிசைடை முதல் குற்றச்சாட்டாகவும் 63ஆம் பிரிவை அதற்கு மாற்றாகவும் போடுவார்கள். ஒரே செயலுக்கு இரண்டிலும் சேர்த்துத் தண்டித்தால் அது இரட்டைத் தண்டனை ஆகிவிடும்.

லாரிக்காரன்
ஐயா, ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு. டேஷ்போர்டில் ஸ்டாண்ட் வைத்துப் போனை மாட்டியிருந்தால் எதுவும் பண்ண முடியாது என்று நினைக்கிறார்கள். இ-ஹெய்லிங் (ஆப் டாக்சி) ஓட்டுகிறவர்கள் ஆர்டர் வரும்போது திரையைத் தட்டித்தான் ஆகணும். அவர்களுக்கு விலக்கு ஏதாவது உண்டா?

தாழ்வாரம்
விலக்கு தீயணைப்பு, மீட்பு, ஆம்புலன்ஸ், போக்குவரத்து அதிகாரி வண்டிகளுக்குத்தான், அதுவும் கடமையில் இருக்கும்போது. ஆப் ஓட்டுநர்களுக்குக் கிடையாது.

ஸ்டாண்ட் 308ஏயிலிருந்து காப்பாற்றும். 63இலிருந்தும் கல்பபிள் ஹோமிசைடிலிருந்தும் காப்பாற்றாது. கவனக்குறைவுக்கு நீதிமன்றம் பார்ப்பது ஒரே அளவுகோல்: நியாயமான ஓட்டுநர் ஒருவர் அந்த இடத்தில் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பாரா, தடுக்க எதாவது செய்திருப்பாரா, இவர் அதைச் செய்யாமல் விட்டாரா? பொருத்திய திரையில் வரைபடத்தை நகர்த்திக்கொண்டே ஹிகின்சன் நெடுஞ்சாலையில் 100இல் போகிறவர் அந்த அளவுகோலில் தோற்றுப்போவார். புளூடூத்தில் பேசியவரும் தோற்கலாம்.

மறுபக்கமும் உண்டு. கையில் போன் இருந்தது நிரூபணமானாலே கல்பபிள் ஹோமிசைட் வந்துவிடாது. போன்தான் சாவுக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும். அரசுத் தரப்பு வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தடயம் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினால் நல்லது.

தடயம்
கணக்கு இதோ.

மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக 1.5 வினாடி என்று வைத்துக்கொண்டால் 25 மீட்டர் அப்படியே ஓடிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45.

பாதசாரி 20 மீட்டர் தூரத்தில் நிறுத்தியிருந்த டாக்சிக்குப் பின்னாலிருந்து திடீரென்று வந்தார் என்றால், முழுக் கவனத்தோடு ஓட்டியவரும் இடித்திருப்பார். போன் கையில் இருந்ததா இல்லையா என்பதால் முடிவு மாறாது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான்: "பாதசாரி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது வண்டி எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது?" வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்படவில்லை என்றால் அரசுத் தரப்பிடம் பதில் இருக்காது.

இதே பாதசாரி 80 மீட்டரிலிருந்தே தெரிந்தார், ஓட்டுநர் 5 வினாடி திரையைப் பார்த்தார் என்றால் நிலைமை தலைகீழ். 60இல் 5 வினாடி என்பது 83 மீட்டர். என்2 நெடுஞ்சாலையில் 120இல் போனால் 167 மீட்டர். அந்த வேகத்தில் நிற்கவே 130 மீட்டர் வேண்டும்.

ஆகவே சம்பவ இடத்தில் அளக்க வேண்டியது சறுக்குத் தடம் மட்டும் இல்லை. ஓட்டுநர் கண்மட்டத்திலிருந்து பார்வை எட்டும் தூரத்தையும் அளக்க வேண்டும். தடயப் பிரிவுப் புகைப்படக்காரர் நின்ற உயரத்தில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். காரில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டரில் இருக்கும். மேட்டுச் சாலையில் இந்த வித்தியாசம் பார்வைத் தூரத்தைக் கணிசமாக மாற்றிவிடும்.

டர்பன் செல்வி
போன் பார்த்தார் என்பதை எப்படி நிரூபிப்பார்கள், அண்ணா? ஓட்டுநர் "பார்க்கவே இல்லை" என்றால் முடிந்ததா?

தடயம்
இரண்டு வழி. இரண்டும் வேறு வேறு பொருள்.

ஒன்று, நெட்வொர்க் நிறுவனத்தின் பதிவேடு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ் சம்மன் அனுப்பி வாங்குவார்கள். ரீக்கா (தொலைத்தொடர்பு இடைமறிப்பு) சட்டப்படி இந்தப் பதிவுகள் குறைந்தது 3 ஆண்டு இருக்கணும், அதனால் அவசரம் இல்லை. ஆனால் இதில் தெரிவது சாதாரண அழைப்பு எப்போது தொடங்கி எத்தனை வினாடி நீடித்தது, எஸ்எம்எஸ் எப்போது போனது வந்தது, எந்தக் கோபுரம் என்பவைதான். வாட்ஸ்அப் அழைப்போ மெசேஜோ வெறும் டேட்டாவாகத்தான் தெரியும். சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போனும் டேட்டா இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆக "14:31க்கு டேட்டா ஓடியது" என்பதை வைத்து நீதிமன்றத்தில் எதுவும் பண்ண முடியாது. எஸ்எம்எஸ் வந்ததால் படித்தார் என்றும் ஆகாது.

இரண்டு, போனையே திறந்து எடுப்பது. திரை எப்போது ஒளிர்ந்தது, பூட்டு எப்போது திறந்தது, எந்த ஆப் முன்னால் இருந்தது, விசைப்பலகை எப்போது எழுந்தது எல்லாம் உள்ளே பதிவாகும். வழக்கைத் தாங்குவது இதுதான். ஆனால் இந்தப் பதிவுகளில் பல சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் போனைக் கேட்டால் படங்களும் மெசேஜ்களும் கிடைக்கும், திரை ஒளிர்ந்த வினாடி கிடைக்காது. இடத்திலேயே போனைக் கைப்பற்றி, விமானப் பயன்முறையில் போட்டு, முத்திரை எண் உள்ள பையில் வைத்து, எஸ்ஏபிஎஸ் 13 பதிவேட்டில் (போலீஸ் கைப்பற்றிய பொருட்களின் பதிவேடு) ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து அழிக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

அடுத்து நேரம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வழக்குகள் கவிழும் இடம். போன் பதிவு ஒரு கடிகாரம், நெட்வொர்க் பதிவு ஒன்று, போலீஸ் அவசர எண் 10111க்கு வந்த அழைப்பு ஒன்று, வண்டியின் டிராக்கர் ஒன்று. டிராக்கர் அறிக்கையைச் சில நிறுவனங்கள் உலகப் பொதுநேரத்தில் கொடுக்கின்றன. நம் நேரம் அதைவிட 2 மணி முன்னே. 12:31 என்று அறிக்கையில் இருப்பது இங்கே 14:31. இதை மாற்றாமல் டாக்கெட்டில் (போலீஸ் வழக்குக் கோப்பில்) கோத்துவிட்டால், மோதலுக்கு இரண்டு மணி நேரம் கழித்து போன் பயன்படுத்தினார் என்று நம் தரப்பே வாதாடுவது போல ஆகிவிடும்.

நேரங்களை ஒன்றோடொன்று பொருத்த ஒரு பொதுப் புள்ளி வேண்டும். டிராக்கரில் வேகம் திடீரென்று 0 ஆன கணம் அதற்கு நல்லது. காற்றுப்பை விரிந்த கார் என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதலுக்கு முந்தைய 5 வினாடியின் வேகமும் பிரேக் மிதித்தாரா என்பதும் இருக்கலாம். எல்லா மாடலிலும் வாசிக்க முடியாது. வாசிக்க முடிந்து, ஐந்து வினாடியிலும் பிரேக் தொடப்படவே இல்லை என்றால், அதற்கு மேல் சாட்சி எதற்கு?

தாழ்வாரம்
சேர்க்க வேண்டியது: போனைக் கைப்பற்றுவது வேறு, உள்ளே தேடுவது வேறு. உள்ளே தேட சைபர் குற்றச் சட்டத்தின்கீழ் (2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில்) வாரன்ட் வேண்டும், அல்லது உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மிக அவசரச் சூழல் மட்டும் விதிவிலக்கு. இடத்திலேயே அதிகாரி "பின் நம்பர் சொல்லு, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று விரலால் தள்ளிப் பார்த்தால் இரண்டு கேடு: பதிவுகள் மாறும், அந்தச் சாட்சியம் அரசியல் சட்டத்தின் 35ஆவது பிரிவால் வெளியே தள்ளப்படலாம். மௌனமாக இருக்கும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு. அதைப் பயன்படுத்தினார் என்பதற்காகக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

மெரிபேங்க் மணி
இதெல்லாம் சரிதான். ஆனால் தெரிந்தே திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் "யாராவது செத்தால் செத்துக்கொள்ளட்டும்" என்றுதானே ஓட்டுகிறான்? அதைக் கொலை என்று போட்டால் என்ன? பாடகர் ஜப் ஜப் வழக்கில் கொலை என்றுதானே தீர்ப்பு வந்தது?

தாழ்வாரம்
வந்தது, நிற்கவில்லை. 2010 மார்ச்சில் சொவேட்டோவில் இரண்டு கார்கள் பந்தயம் விட்டு நான்கு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். 2012இல் கொலைக் குற்றம் என்று தீர்ப்பு. 2014 அக்டோபரில் மேல்முறையீட்டில் அது கல்பபிள் ஹோமிசைட் ஆகி, மொத்தத் தண்டனை 10 ஆண்டாகக் குறைந்தது.

அந்த மாற்றத்துக்கு வேர் 2013இன் ஹம்ப்ரீஸ் தீர்ப்பு. 2010 ஆகஸ்ட் 25, கேப் டவுன் அருகே பிளாக்ஹீத் ரயில் கடவை. தடுப்புக் கம்பி இறங்கியிருக்கிறது, வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹம்ப்ரீஸ் ஓட்டிய டாக்சி வரிசையைத் தாண்டிப் போய்க் கடவையில் நுழைந்தது. 10 பிள்ளைகள் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் கொலை என்று 20 ஆண்டு கொடுத்தது. புளூம்ஃபொன்டைனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கல்பபிள் ஹோமிசைட் ஆக்கி 8 ஆண்டு கொடுத்தது.

காரணம் இப்படிப் போகிறது. கொலைக்கு டோலஸ் எவென்சுவாலிஸ் என்ற மனநிலையைக் காட்ட இரண்டு படி ஏற வேண்டும். சாவு நேரலாம் என்று அவர் மனதில் உண்மையிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றியும் "நேர்ந்தால் நேரட்டும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஹம்ப்ரீஸ் முதல் படியில் ஏறினார். இரண்டாவதில் ஏறவில்லை. முன்பும் அதே கடவையை அதே மாதிரி தாண்டித் தப்பியிருக்கிறார், இந்தத் தடவையும் தப்பிவிடலாம் என்று நம்பினார். மேலும், பிள்ளைகள் சாவதை ஏற்றுக்கொண்டார் என்றால் தன் சாவையும் ஏற்றுக்கொண்டார் என்று ஆகும், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இதைப் போனுக்குப் பொருத்திப் பாருங்கள். திரை பார்க்கிற ஒவ்வொருவரும் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையில்தான் பார்க்கிறார். அந்த நம்பிக்கை முட்டாள்தனமாக இருக்கலாம். முட்டாள்தனம் கவனக்குறைவு. கொலை நோக்கம் இல்லை. போனை மட்டும் வைத்துக் கொலை வழக்குப் போடுவது, என் கணிப்பில், கையிலிருக்கும் நல்ல கல்பபிள் ஹோமிசைட் வழக்கை வீணாக இழுத்தடிப்பது. குடியும் வேகமும் சிவப்பு ரோபோவை (போக்குவரத்து விளக்கை) தாண்டியதும் கூடச் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம்.

மெரிபேங்க் மணி
அப்படியானால் கடைசியில் எவ்வளவுதான் கிடைக்கும்? இந்தியாவில் பழைய 304ஏயில் இரண்டே வருஷம். அதைவிட மோசமா?

தாழ்வாரம்
இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை. இங்கே உச்சம் அதைவிட அதிகம், ஆனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிடக் கவனக்குறைவு எந்த அளவு என்பதுதான் முதல் அளவை. 1982இன் நிக்சுமாலோ வழக்கிலிருந்து இதுதான் பிடி. ஒரு கணம் தடுமாறியவருக்குச் சிறை இல்லாமலே முடியலாம்: ஒத்திவைத்த தண்டனை, வீட்டுக் கண்காணிப்பு. நடுத்தர வழக்குகளில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276(1)(ஐ) பிரிவின்கீழ் 5 ஆண்டுக்கு மேற்படாத சிறை வரும். அதில் ஆறில் ஒரு பங்கு கழிந்ததும் சிறைத்துறை கண்காணிப்பில் வெளியே விடலாம். நேரடிச் சிறை என்றால் பாதி கழிந்த பிறகே பரோல் பேச்சு.

போன் விஷயத்தில் தண்டனையைக் கூட்டுவது நீளம். மணி அடித்ததும் ஒரு நொடி குனிந்ததற்கும் பத்து நிமிடமாக எழுதிக்கொண்டே வந்ததற்கும் வித்தியாசம் உண்டு. திறந்து எடுத்த பதிவின் மதிப்பு இங்கேயும் தெரியும்.

நிற்காமல் ஓடிவிட்டால் கதையே வேறு. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61ஆம் பிரிவு: உடனே நிற்கணும், அடிபட்டவரைப் பார்க்கணும், முடிந்த உதவி செய்யணும், இடத்தில் போலீஸ் இல்லை என்றால் 24 மணிக்குள் புகார் கொடுக்கணும். சாவு அல்லது பலத்த காயம் உள்ள இடத்தில் இதை மீறினால் 9 ஆண்டு வரை. பொறுப்பற்று ஓட்டியதற்கான 6ஐவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

லாரிக்காரன்
உரிமம்?

தாழ்வாரம்
பொறுப்பற்று ஓட்டியதாகத் தீர்ப்பு வந்தால் அதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் உரிமம் தானாக நிற்கும். முதல் தடவை குறைந்தது 6 மாதம், இரண்டாவது 5 ஆண்டு, மூன்றாவது 10 ஆண்டு. காரணம் காட்டினால் நீதிபதி வேறு மாதிரி உத்தரவு போடலாம். கல்பபிள் ஹோமிசைட் என்றால் 34இன்கீழ் நீதிமன்றம் தன் விருப்பப்படி நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பொறுப்பற்று ஓட்டிய தீர்ப்பு இருந்தால் 5 ஆண்டு தொழில்முறை ஓட்டுநர் அனுமதி கிடைக்காது.

கணக்குப்பிள்ளை
இவ்வளவு நேரமும் ஓட்டுநரைப் பற்றியே பேச்சு. இறந்தவர் வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

குற்ற வழக்கு எப்படிப் போனாலும் சாலை விபத்து நிதியத்தில் தனியாகக் கோரலாம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. ஓட்டுநர் யார் என்று தெரிந்தால் 3 ஆண்டுக்குள், இடித்துவிட்டு ஓடிய அடையாளம் தெரியாத வண்டி என்றால் 2 ஆண்டுக்குள் கோரிக்கை தாக்கலாக வேண்டும். கல்பபிள் ஹோமிசைட் வழக்கு இழுத்துக்கொண்டே போகும், கெடு அதற்காக நிற்காது. சிறு பிள்ளைகளின் கோரிக்கைக்கு, ஓட்டுநர் தெரிந்த வழக்கில், அவர்கள் 18 ஆகும்வரை கெடு ஓடாது. ஆனால் அம்மாவின் கெடு ஓடும்.

கிடைப்பது இரண்டு. இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்தவர்களுக்கு இழந்த ஆதரவுத் தொகை. இதற்கு ஆண்டு வருமான உச்சவரம்பு உண்டு, காலாண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். சம்பளச் சீட்டு, வரிப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று வேண்டும். கோவிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாத கல்யாணம் என்றால் ஐயரின் எழுத்து, குடும்பத்தார் வாக்குமூலம் எல்லாம் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

இரண்டாவது, இறுதிச் செலவு. சாலை விபத்து நிதியச் சட்டத்தின் 18(4) சொல்வது தகனம் அல்லது அடக்கத்துக்கான அவசியமான, உண்மையான செலவு மட்டும். கிளேர் எஸ்டேட்டில் தகனம் செய்த ரசீது போகும். 16ஆம் நாள் காரியத்துச் சாப்பாடு, பந்தல், ஐயர் தட்சணை, கடலில் சாம்பல் கரைக்கப் போன வேன் வாடகை போகாது. எல்லாவற்றையும் ஒரே பில்லாகப் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். ஈமச்சடங்கு நிறுவனத்திடம் தகனத்துக்குத் தனி ரசீது கேளுங்கள். கலந்த பில்லைக் கொடுத்தால் கேள்வி வரும், மாதக்கணக்கில் நிற்கும்.

2008 ஆகஸ்ட் 1க்குப் பிறகு ஓட்டுநர் மீது நேரடியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. 2010இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் அதை ஆமோதித்துவிட்டது. ஆனால் 21(2)இல் ஒரு கதவு திறந்திருக்கிறது: மரணத்தைக் கண்ணால் பார்த்தோ செய்தி கேட்டோ அதிர்ச்சியில் மனநோய்க்கு ஆளானவர் அதற்கான இழப்பீட்டை ஓட்டுநரிடமே கோரலாம், நிதியம் அதைக் கொடுப்பதில்லை. வெறும் துக்கம் போதாது. மனநல மருத்துவர் பெயரிட்டுச் சொன்ன நோயாக இருக்க வேண்டும், அதனால் முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் போய்ப் பதிவு வைப்பது முக்கியம். வேலை நேரத்தில் கம்பெனி பக்கி (சிறு சரக்கு வண்டி) ஓட்டியவர் என்றால் முதலாளியையும் சேர்க்கலாம். முதலாளி அனுப்பிய மெசேஜுக்குப் பதில் எழுதும்போது இடித்தார் என்றால் அந்த மெசேஜே ஆதாரம்.

டர்பன் செல்வி
போலீஸில் கேட்டால் "டாக்கெட் அரசு வழக்கறிஞரிடம் இருக்கிறது" என்கிறார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டால் "போலீஸிடம்" என்கிறார்கள். இது பொதுவாக வரும் புகார். என்ன கேட்க வேண்டும்?

தாழ்வாரம்
சிஏஎஸ் எண்ணை (போலீஸ் வழக்கு எண்) சொல்லி, "டாக்கெட் எங்கே" என்று கேட்காமல், "சி பகுதியில் கடைசிக் குறிப்பு என்ன, எந்தத் தேதி" என்று கேளுங்கள். டாக்கெட்டில் ஏ என்பது வாக்குமூலங்கள், பி என்பது கடிதங்கள், சி என்பது விசாரணை நாட்குறிப்பு. வழக்கறிஞர் "போன் பதிவு வாங்கு" என்று எழுதித் திருப்பியிருந்தால் சி பகுதியில்தான் இருக்கும். 205 சம்மன் போனதா, பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததா, வரைபடம் வந்ததா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு மூத்த அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

ஓட்டுநர் தரப்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஏ பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் பேசினால், கையெழுத்தாகும் முன் குடும்பத்தின் கருத்தைக் கேட்க அரசு வழக்கறிஞர் வாய்ப்புத் தர வேண்டும். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் "ஒப்பந்தப் பேச்சு நடந்தால் எங்களுக்குத் தெரிவிக்கவும்" என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வழக்கே போடப்போவதில்லை என்று முடிவெடுத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாண அரசு வழக்குத் துறை இயக்குநர் அலுவலகத்துக்கு மறுபரிசீலனை மனு. அதுவும் முடியாவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட மறுத்ததற்கான சான்றிதழ் கேட்டு வாங்கி, கணவன், மனைவி, பிள்ளை, அவர்கள் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் தனி வழக்குத் தொடரலாம். சான்றிதழ் வந்த நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். அதற்கு வைப்புத்தொகையும் கட்ட வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம்.

தடயம்
அந்த மூன்று கேள்வியோடு நான்காவதாக ஒன்று: "போன் எஸ்ஏபிஎஸ் 13இல் எந்த எண்ணில் இருக்கிறது?" எண் சொல்ல முடியவில்லை என்றால் போன் கைப்பற்றப்படவே இல்லை, அல்லது ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று பொருள். இதை முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.